எனக்கு தலசீமியா மைனர், அத்தை மகனோடு கல்யாணம் பேசியிருக்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

கணக்கு_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம். பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். கல்லூரியில் ரத்ததான முகாமுக்குப் போனபோது ஹீமோகுளோபின் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று முதல் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. ஏறவே இல்லை. சமீபத்தில் ஒரு புது டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரை எழுதாமல் ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு) 64, எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் சராசரியாக உள்ள ஹீமோகுளோபின்) 20, சிவப்பணு 56 லட்சம். அடுத்து எச்.பி.எல்.சி., அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் டெஸ்ட், எடுக்கச் சொன்னார். அதில் ஏ2 என்ற இடத்தில் 5.4 சதவீதம். "பீட்டா தலசீமியா மைனர். உனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கட்டிக்கப் போகிறவருக்கும் இந்த டெஸ்டைப் பார்த்துவிடு" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அப்பாவின் அக்கா மகனுக்கு என்னைப் பேசியிருக்கிறார்கள். தை பிறந்தால் நிச்சயம். எனக்கும் அவரைப் பிடிக்கும். அம்மா, "பெண்ணுக்கு ரத்தத்தில் கோளாறு என்று ஊரே பேசும், வாயைத் திறக்காதே" என்கிறார். அப்பா எதுவும் பேசவில்லை.

இது எனக்கு எங்கிருந்து வந்தது? சொந்தத்தில் கட்டினால்தான் ஆபத்தா, வெளியில் கட்டினால் ஒன்றுமில்லையா? குழந்தைக்கு வர எவ்வளவு வாய்ப்பு? கணக்கு டீச்சர் என்பதால் எண்ணாகவே சொன்னாலும் பரவாயில்லை.

நுண்ணோக்கி:

தங்கச்சி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எச்.பி.எல்.சி. மெஷினுக்குப் பக்கத்திலேயே என் வேலைக்காலம் போயிருக்கிறது. டாக்டர் இல்லை, டெக்னீஷியன். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் சிவப்பணு எண்ணிக்கை குறையவே இல்லை, கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் சின்னது. இரும்புச்சத்துக் குறைவில் பெரும்பாலும் அளவோடு எண்ணிக்கையும் இறங்கும். தலசீமியா மைனரில் உடம்பு சின்னச் சின்னதாக நிறையச் செய்து சமாளிக்கும். நாங்கள் எம்.சி.வி.யை, மில்லியனில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்போம். மென்ட்ஸர் என்ற டாக்டர் 1973-ல் சொன்ன கணக்கு. உங்களுக்கு 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.4. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகப்பட வேண்டும். இது சந்தேகம் மட்டும்தான். உறுதி செய்வது ஏ2. சாதாரணமாக அது 3.5-க்குள் இருக்கும். உங்களுக்கு 5.4. ரத்தச்சோகை என்று வருகிற எத்தனையோ பெண்களுக்கு யாரும் இந்த வகுத்தலைப் போடாமல் இரும்பு மாத்திரையையே வருடக்கணக்கில் கொடுப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உங்கள் டாக்டர் நல்லவர், விட்டுவிடாதீர்கள்.

ஏ2 ஏன் ஏறுகிறது? பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டாவைச் செய்யும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. உங்களுக்கு அதில் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்று நன்றாக இருக்கிறது. பீட்டா குறைந்த இடத்தில் ஆல்பா, டெல்டா என்ற இன்னொரு சங்கிலியோடு கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது. அந்தச் சேர்க்கைதான் ஏ2. நல்ல மரபணு ஒன்று இருக்கிறவரை ஆள் நடமாடலாம், ஓடலாம், பிள்ளை பெறலாம். இது நோயே இல்லை. கேரியர் என்று சொல்வோம்.

"பெண்ணுக்குக் கோளாறு" என்று அம்மா பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் 11-ஆம் குரோமோசோமுக்கு ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. உங்களுக்கு இது வந்திருக்கிறது என்றால் அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவருக்காவது கட்டாயம் இருக்கும். அவரும் இத்தனை காலம் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறார்.

இனி நீங்கள் கேட்ட எண். அப்பா வழியில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இருந்தால் தாத்தா, பாட்டியில் ஒருவருக்கு இருந்திருக்கும். அப்படியானால் அத்தைக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகனுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அவருக்கும் இருந்தால் உங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர், அதாவது இரண்டு மரபணுவுமே சரியாக வேலை செய்யாத நோய், வர நாலில் ஒரு வாய்ப்பு. பெருக்கினால் 16-ல் 1. அம்மா வழியில் வந்திருந்து, அம்மா அந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்றால், அத்தை மகனுக்கு இருக்கும் வாய்ப்பு எந்த வெளி ஆளுக்கும் இருப்பதுதான். இந்தியாவில் சராசரியாக நூறில் மூன்று நான்கு பேர் கேரியர். அப்போது கணக்கு ஏறக்குறைய நூறில் 1 என்று இறங்கிவிடும்.

ஆனால் இந்த 16-ல் 1, நூறில் 1 எல்லாம் அத்தை மகன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதவரைக்கும்தான். கொடுத்த பிறகு இரண்டே விடை. அவருக்கு இல்லை என்றால் உங்கள் குழந்தைக்கு மேஜர் வராது. கேரியராக இருக்கலாம், உங்களைப் போல. அவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் 1. இன்னொன்று, நாலில் ஒன்று என்றால் முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகத் தொடங்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

காவேரிக்கரையான்:

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அக்கா மகள், மாமன் மகள் என்றுதான் கட்டியிருக்கிறோம். பேரன் பேத்திகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், ஒரு பையன் டாக்டருக்கே படிக்கிறான். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் செய்ததைக் கெட்டது என்று சொல்லிச் சொல்லியே குடும்பங்கள் பிரிகின்றன. அந்தப் பெண் மனதில் பயத்தை விதைக்காதீர்கள். அத்தை வீட்டில் மருமகளாகப் போவதைப் போல நிம்மதி வேறெங்கும் கிடைக்காது.

நுண்ணோக்கி:

அய்யா, உங்கள் பேரப்பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறுள்ள குழந்தை பிறக்க நூறில் இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் உறவில் அதற்கும் மேலே, ஏனென்றால் மாமனும் அக்கா மகளும் நாலில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். அத்தை மகனோடு எட்டில் ஒரு பங்கு.

ஆனால் இது ஒன்றும் தெரியாத குடும்பத்துக்கான சராசரி. இந்தத் தங்கச்சி விஷயத்தில் எந்த மரபணு என்று பெயரோடு தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சராசரியைப் பேசி என்ன செய்வது? கட்டாதே என்று நான் சொல்லவே இல்லை. ஒரு சிரிஞ்சு ரத்தம் கொடுத்துவிட்டுக் கட்டு என்கிறேன். உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு மரபணு மூன்று தலைமுறை சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது, கேரியர் இரண்டு பேர் சேர்கிற வரைக்கும். உங்கள் டாக்டர் பேரனிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆரணிப்_பெண்:

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கு தலசீமியா மேஜர். வெளியில் கட்டினால் ஒன்றுமில்லையா என்று கேட்டாய் அல்லவா, அதற்கு நானே பதில். நான் ஆரணி. என் வீட்டுக்காரர் ராமநாதபுரம் பக்கம். ஜாதகம் பார்த்துத் தேடிப்பிடித்த வரன், ஒரு துளி சொந்தம் கிடையாது. ஜாதகம் பார்த்தவர்கள் யாரும் ரத்தம் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பிறந்தபோது பாப்பா கொழுகொழு என்றுதான் இருந்தாள். கருவில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின், அதற்கு பீட்டா தேவையில்லை. ஆறு மாதத்துக்குள் அது குறைந்து பெரியவர்களின் ஹீமோகுளோபின் வர வேண்டும். அவளுக்கு அது வரவில்லை. பால் குடிக்க மாட்டாள், வெளிறிப்போனாள், வயிறு மட்டும் பெருத்தது. மண்ணீரல் வீங்கியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் பார்த்த இடத்தில் பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம். ஏற்றுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால்தான் அவள் மற்றப் பிள்ளைகள் மாதிரி வளர்வாள், முக எலும்பு மாறாது. ரத்தம் ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அது இருதயத்திலும் கல்லீரலிலும் போய் உட்காரும். அதைக் கரைத்து எடுக்க தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை, தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில். ஒரு நாள் விட்டாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெரிட்டின், அதாவது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் டெஸ்ட், பார்க்கிறோம். அந்த ரிப்போர்ட் வருகிற நாளில் எனக்குச் சமைக்கக்கூட ஓடாது. உனக்கு யாராவது மறுபடியும் இரும்பு மாத்திரை கொடுத்தால், பெரிட்டின் பார்த்துவிட்டுத்தான் வாங்கு.

அரசு ரத்த வங்கியில் தலசீமியா பிள்ளைகளுக்கு ரத்தத்துக்குக் காசு வாங்கக் கூடாது, பதிலுக்கு ஆள் கொண்டுவா என்றும் கேட்கக் கூடாது. அது தெரியாமல் நாங்கள் ஆள் தேடி அலைந்திருக்கிறோம். 2016 சட்டத்தில் தலசீமியாவை மாற்றுத்திறனில் சேர்த்திருக்கிறார்கள், சான்றிதழ் வாங்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் முழுசாகக் குணமாகும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து செய்கிறார்கள். உடன்பிறந்தவரோடு பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். என் மகனுக்குப் பார்த்தோம், பொருந்தவில்லை. மரபணுவையே திருத்துகிற மருந்து ஒன்றை 2024 ஜனவரியில் அமெரிக்காவில் தலசீமியாவுக்கு அனுமதித்தார்கள், கருவில் ஓடிய அந்தப் பழைய ஹீமோகுளோபினை மறுபடி தூண்டிவிடுகிற மருந்து. விலை 22 லட்சம் டாலர். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். அவள் பிறந்ததற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் அவள் கையை மாற்றி மாற்றி நீட்டும்போது, கல்யாணத்துக்கு முன்னால் ஒருவராவது எங்களிடம் இந்த டெஸ்டைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். உனக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் என் பதிலைப் படித்துக் காட்டு, தங்கம்.

கூடலூர்_சிஸ்டர்:

நீலகிரியில் பழங்குடி மக்களிடம் வேலை செய்கிற நர்ஸ். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் அத்தை மகனுடைய ரிப்போர்ட்டில் தலசீமியா இல்லை என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஹீமோகுளோபின் எஸ், ஹீமோகுளோபின் ஈ இரண்டும் இல்லை என்றும் பாருங்கள். எஸ் என்பது அரிவாள் செல். 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டு எழுதினார்கள். ஒருவருக்குத் தலசீமியா மைனர், துணைக்கு அரிவாள் செல் கேரியர் என்றாலும் குழந்தைக்கு நாலில் ஒரு வாய்ப்பு நோய் வரும். ஈ வங்காளம், அசாம் பக்கம் அதிகம். ஒரே எச்.பி.எல்.சி.யில் எல்லாமே தெரிந்துவிடும், தனி டெஸ்ட் வேண்டாம்.

இது சாபமோ, கெட்ட ரத்தமோ இல்லை என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். மலேரியா ஆட்டிப்படைத்த ஊர்களில் இந்த மரபணுவை ஒற்றையாக வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். தலசீமியா இப்படித்தான் நிலைத்திருக்க வேண்டும் என்று ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1949-லேயே ஊகித்தார். எங்கள் மக்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். முன்னோரைக் காப்பாற்றியது என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்காது.

கணக்கு_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஆரணி அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அழுதுவிட்டார். மறுநாள் காலை அப்பா தானாகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு ஏ2 5.1. ஆக, அப்பா வழி. அம்மாவுக்கு இல்லை. அப்பா அத்தைக்கு போன் செய்து, "எனக்கும் இருக்கிறது, உனக்கும் இருக்கலாம்" என்று அவரே சொன்னார். அத்தைக்குக் கோபம், "என் பையனுக்கு எதற்கு டெஸ்ட், அவன் கபடி ஆடுகிறவன்" என்றார். அத்தை மகனிடம் நான் நேராகப் பேசினேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, ஈரோட்டிலேயே எடுத்துவிட்டார்.

ஹீமோகுளோபின் 13.1, எம்.சி.வி. 76, சிவப்பணு 55 லட்சம், ஏ2 3.4. எஸ், ஈ இல்லை. கீழே நார்மல் என்று அச்சடித்திருக்கிறார்கள். அத்தை வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. 76-ஐ 5.5-ஆல் வகுத்தால் 13.8 வருகிறது. நார்மல் என்றே எடுத்துக்கொள்ளலாமா, நுண்ணோக்கி அண்ணா?

நுண்ணோக்கி:

எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

எம்.சி.வி. 80-க்குக் கீழே இருக்கிறது. ஒரு வாலிபனுக்கு அது ஏன் இறங்க வேண்டும் என்பதற்கு ரிப்போர்ட்டில் விடை இல்லை. இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஏ2-வும் கூடவே இறங்கும். கேரியராக இருப்பவருக்கும் அது 3.5-க்குள் ஒளிந்துகொள்ளும். எல்லைக்கோட்டில் வருகிற ரிப்போர்ட்டில் மெஷின் நார்மல் என்று போடுவதை அப்படியே கொடுத்துவிடுவது எங்கள் தொழிலில் எனக்குப் பொறுக்காத விஷயம். எல்லைக்கோடு, மறுபடி பார்க்கவும் என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

முதலில் அவருக்கு பெரிட்டின் பாருங்கள். யாராவது இரும்பு மாத்திரை கொடுத்து அவர் தொடங்குவதற்கு முன்னால் அந்த ரத்தம் எடுக்கப்பட வேண்டும். குறைவாக இருந்தால், ஆண் என்பதால் ஏன் குறைகிறது என்றும் டாக்டர் பார்ப்பார். மூன்று மாதம் மாத்திரை போட்டு இரும்பை நிரப்பிவிட்டு மறுபடி சி.பி.சி. என்ற ரத்த அணுக் கணக்கு, எச்.பி.எல்.சி. இரண்டும் எடுக்கலாம். பெரிட்டின் சரியாக இருந்தும் எம்.சி.வி. 76 என்றால் சந்தேகம் கூடும்.

தை மாதம் வரை அவ்வளவு நாள் இல்லை என்பதால் நான் டி.என்.ஏ. பரிசோதனைக்கே போகச் சொல்வேன். வேலூர் சி.எம்.சி.யில் செய்கிறார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. உங்களுக்கும் அப்பாவுக்கும் மரபணுவில் இருப்பது ஒரே எழுத்துப்பிழை. முதலில் உங்கள் ரத்தத்தில் அது எது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு அதே பிழை அவரிடம் இருக்கிறதா என்று நேராகப் பார்ப்பார்கள். அத்தை வீட்டு மாமா வழியில் வேறு ஒன்று வந்திருக்கவும் வழியுண்டு, அதனால் இந்தியாவில் வழக்கமாகக் காணப்படும் மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், அப்பா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மரபியல் ஆலோசனை சொல்பவரிடம் உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள்.

அவருக்கும் இருக்கிறது என்றே வந்தாலும் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று அர்த்தமில்லை. சைப்ரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் கேரியர். அங்கே 1983 முதல் சர்ச்சில் கல்யாணம் செய்ய இந்தப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டு பேரும் கேரியர் என்று தெரிந்த ஜோடிகளில் பெரும்பாலோர் கல்யாணம் செய்துகொண்டார்கள். கர்ப்பமானதும் கருவைப் பரிசோதித்துக்கொண்டார்கள். அங்கே மேஜரோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை வந்துவிட்டது. இங்கேயும் 11, 12 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். சட்டம் கொடுக்கும் அவகாசத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். ஆனால் அதற்கும் உங்கள் இரண்டு பேரின் டி.என்.ஏ. விவரமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா? உங்களுக்குத் தம்பி, தங்கை? அவர்களுக்கும் சி.பி.சி. எடுத்துவிடுங்கள், அதற்கு அதிகம் செலவாகாது. எம்.சி.வி. இறங்கியிருப்பவர்களுக்கு மட்டும் எச்.பி.எல்.சி. போதும்.

கணக்கு_டீச்சர்:

சித்தப்பா ஒருவர் இருக்கிறார், அவருக்கு இரண்டு பெண்கள். எனக்குத் தம்பி. எல்லோரையும் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிப் போகிறார். வேலூருக்குப் போக அத்தை மகன் லீவு போட்டுவிட்டார். பெரிட்டினுக்கு இன்றே ரத்தம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அத்தையும் எங்களோடு வேலூர் வருகிறேன் என்கிறார், தனக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா அண்ணா?

நுண்ணோக்கி:

வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வரலாம்.